வானத்துக்குப் பந்தல் போடப் பார்த்தவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. பேப்பரை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு எழுத்து வராது. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுதப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர் பேச்சை யார் எடுத்தாலும் எங்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும். நானும் எழுதி அந்தச் சிரிப்புக்கு ஆள் சேர்த்துவிடக் கூடாதே என்று பயம். அவருடைய மகள் இருக்கிறாள், அவள் மனசு நோகக் கூடாதே என்றும் ஒரு யோசனை.

போன கோடையில் என் மருமகள் செல்போனில் ஒன்றைக் காட்டினாள். பூமி வரவரச் சூடாகிப் போகிறதாம். வெளிநாட்டில் படித்தவர்கள், ஆகாயத்தில் ரொம்ப உயரத்தில் என்னவோ பொடியைத் தூவி, வெயிலில் கொஞ்சத்தை மேலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்களாம்.

"பூமிக்கே பந்தல் போடுற மாதிரி அத்தை" என்றாள்.

"இதை எங்க சந்துல ஒருத்தர் அப்பவே கேட்டாரும்மா."

"யாரு, சயின்டிஸ்டா?"

"பந்தக்காரர்."

அவள் சிரித்துவிட்டாள். அவள் கோயமுத்தூர்ப் பக்கம், ஒன்றும் தெரியாமல் சிரித்தாள், தப்பில்லை. ஆனால் அது அதே சிரிப்பு. அன்றைக்குச் சாயந்தரம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

பெயர் எழுதவில்லை. அண்ணன் என்றே எழுதுகிறேன். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

காரைக்குடியில் இருந்து மானகிரிக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் சந்து. நான் கல்யாணமாகி அங்கே வந்து இறங்கிய அன்றைக்கு ஆலத்தித் தட்டு எங்கேயோ மாட்டிக்கொண்டது. உச்சி வெயிலில் பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறோம். எதிர் வீட்டில் இருந்து ஒரு ஆள் வந்தார். வந்தவர் பொண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் மாமியாரைப் பார்த்து, "ஆத்தா, ரெண்டு பேரையும் ஒரு எட்டு இங்குட்டு நகத்துங்க. வேப்பமரத்து நெழலு இந்தா வந்துக்கிட்டு இருக்கு" என்றார். நகர்ந்தோம். சொல்லி வைத்த மாதிரி நிழல் வந்து தலையில் இறங்கியது. அந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த உபசாரம் அதுதான்.

அவருக்குத் தொழில் பந்தல் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா, எதுவாக இருந்தாலும் சவுக்குக் கம்பும் மூங்கிலும் தென்னங்கீற்றும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். தொழில் என்பது முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிற காரியம். அவருக்கு முடியவே முடியாது. யாராவது வெயிலில் நின்றால் அவருக்குப் பொறுக்காது. ரோட்டில் ஒருவரோடு பேசிக்கொண்டே அவர் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தி நிழலுக்குக் கொண்டுபோய்விடுவார். பேச்சு முடிந்து பார்த்தால் அந்த ஆள் தன் சைக்கிளைத் தேடிக்கொண்டு நிற்பார். அடுத்த வீட்டு ஆட்டை அவிழ்த்து நிழலில் மாற்றிக் கட்டுவார். ஆட்டுக்காரி வந்து, "எவன்டா என் ஆட்ட அவுத்தவன்" என்று சத்தம் போடுவாள். "ஆட்ட அவுக்கல அக்கா, வெயில அவுத்தேன்" என்பார்.

நாட்டரசன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். என் வீட்டுக்காரரும் போயிருந்தார், அவர் வந்து சொன்னது. பந்தல் எல்லாம் போட்டு முடித்து, வாழை மரம் கட்டியாகிவிட்டது. பின்கட்டில் கோட்டை அடுப்புப் பக்கம் ஒரு இடுக்கில் வெயில் விழுந்து, பருப்புக் கிண்டுகிற ஆள் முதுகில் அடித்திருக்கிறது. அண்ணன் ஏணியைச் சாய்த்து மேலே ஏறிவிட்டார். வீட்டு ஆச்சி கீழே நின்று, "ஏப்பா, அடுப்புல வேகுறவனுக்கு நெழலு ஒன்னுதான் கொறச்சலா? விருந்தாளி வர்ற நேரத்துல மண்டைல தூசியக் கொட்டாத" என்று சொல்ல, இவர் மேலே இருந்தபடியே, "அடுப்பு வெக்கை அவரு சம்பளத்துக்கு ஆச்சி. இந்த வெயிலு எதுக்கு?" என்றாராம். ஆச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டார்களாம்.

இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் மகளை நான் பார்க்கிற வரைக்கும்.

அந்தப் பிள்ளைக்கு வேர்க்காது. பிறந்ததில் இருந்து ஒரு சொட்டு வேர்வை அதன் உடம்பில் யாரும் பார்த்ததில்லை. தலைமுடி பூனை மயிர் மாதிரி நைந்திருக்கும். பல் அங்கங்கே ஒன்று, கூர்ப்பாக. நமக்கெல்லாம் வேர்த்து ஒழுகித்தான் சூடு வெளியே போகிறதாம். அவளுக்கு உள்ளே போன சூடு உள்ளேயே நிற்கும். பதினோரு மணி வெயில் ஏறினால் தேகம் அனலாகக் கொதிக்கும், கண் சொருகும், சில நேரம் வெட்டி இழுக்கும். அவள் அம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அண்ணனுக்கு அக்கா மகள்தான். மதினி வேட்டித் துணியை நனைத்து நனைத்துப் பிள்ளை மேல் போர்த்திக்கொண்டே இருப்பார். மதினியின் விரல் நுனி எந்நேரமும் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. நிதானமாகப் பார்த்துவிட்டு, வேர்வை வருகிற சுரப்பியே இவளுக்கு வைக்கவில்லை, இதற்கு மருந்து கிடையாது, ஆனால் சூடு படாமல் பார்த்துக்கொண்டால் மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போல இருப்பாள் என்று சொன்னார்களாம். "நெழல்ல வச்சுப் பாத்துக்கங்க."

"நெழலு போடுறதுதான் தாயி என் பொழப்பே" என்றாராம் அண்ணன்.

மதினி இதைச் சொல்லிவிட்டு, "அந்தம்மா பாவம், என்ன சொல்லணும்னு தெரியாம பேனாவ மூடி மூடித் தெறந்துச்சு" என்றார்.

எனக்குத் தெரிந்தது சாமி ஒன்றுதான். பிள்ளையார்பட்டிக்கு நடந்து போனேன், மோதகம் நேர்ந்தேன். பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம் போகிறவர்கள் கால் சுடாமல் இருக்க வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம், "தாயே, அந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டு வேர்வை குடு" என்று கேட்பேன். வேர்வையைப் போய் வரமாகக் கேட்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையில் குளித்துவிட்டுச் சூரியனைப் பார்த்துக் கும்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கம். எதிர் வீட்டில் இருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சொன்னார், "நல்லாக் கும்பிடு தங்கச்சி. நீ நல்லதனமா எடுத்துச் சொல்லு. நான் சொன்னா அவுக கேக்க மாட்டேங்குறாக."

அவர் சொல்லியும் பார்த்திருக்கிறார். தைப்பொங்கல் அன்று எல்லார் வாசலிலும் பானை பொங்கி, குலவை போட்டுக் கும்பிடுகிறோம். அண்ணன் இலையில் பொங்கலும் கரும்பும் வைத்து, கிழக்கே பார்த்து நின்றார். பெரிய வீட்டு வாசலில் சிபாரிசு கேட்கப் போகிற ஆள் நிற்பது மாதிரி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலை இறக்கி, "பெரியவுக. ஒங்களக் கொற சொல்லல. நெல்லு வெளையணும், ஒங்களால ஆயிரம் சோலி நடக்கணும். ஒரு பிள்ளைக்காக, கொஞ்சம் ஒதுங்கி நின்னீகன்னாப் போதும்" என்றார். பக்கத்தில் நின்ற நான் குலவையைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

வானத்துக்குப் பந்தல் என்ற பேச்சு அவருக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அறுபத்து மூன்றோ நான்கோ இருக்கும். சுமத்ராவில் செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்து, வயதாகித் திரும்பி வந்த ஒருவர் ரோட்டு முனையில் டீக்கடைக்கு வந்து உட்காருவார். அந்த வருடம் நம் ஊரிலும் அந்தி வானம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிவந்து கிடந்தது. கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொல்லியிருக்கிறார்: அந்தத் தேசத்தில் மலை வெடிக்கும், சாம்பல் ஆகாயத்தை மூடும், பட்டப் பகலில் விளக்கேற்றி வைத்து இலை போட்டிருக்கிறேன், அப்படி மூடின நாளெல்லாம் உடம்புக்குக் குளுகுளு என்று இருக்கும், அந்தப் பொடி மேலே ஏறினால் லேசில் இறங்காது, காற்றோடு ஊர் ஊராகப் போகும், இந்தச் சிவப்புக்கூட அங்கே எங்காவது ஒரு மலை வெடித்ததாக இருக்கும்.

அண்ணன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாராம்.

"பொடி மேலயே நிக்குமா?"

"நிக்கும்."

"காலு இல்லாமயா?"

"ஆகாசத்துக்கு ஏதுய்யா காலு?"

"அப்ப போடலாம்ல" என்றிருக்கிறார். "மலைதான் போடணுமா? மனுசன் போட முடியாதா? மேல ஒரு பந்தல். லேசா. கீத்துப் பந்தல் கூட வேணாம், வலைப்பந்தல் மாதிரி. வெயிலு வரட்டும், சுடாம வரட்டும்."

கடையே விழுந்து விழுந்து சிரித்ததாம். "பந்தக்காலு எங்குட்டுண்ணே நடுவீக? ஒன்னு மானகிரி, இன்னொன்னு ராமேஸ்வரமா?" "முகூர்த்தக்காலுக்கு எந்த ஐயரக் கூப்புடுறது?" "பொண்ணு யாரு மாப்ள யாரு?" அன்றோடு அவருக்கு ஆகாசப்பந்தல் என்று பெயர் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதையே கேட்டார். ஹைஸ்கூல் வாத்தியாரைக் கேட்டார். கல்லுக்கு வெடி வைக்கிறவரைப் பிடித்து, எவ்வளவு மருந்து வைத்தால் புழுதி எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டார். வெடிக்காரர் என் வீட்டுக்காரரிடம், "ஒங்க தெருக்காரர் எதையாவது வெடிச்சுத் தொலைக்கப் போறாரு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சந்துக் கோடியில் பச்சைத் தழையைக் குவித்து மூட்டம் போட்டார். வெயிலை மறிக்கப் புகை போதுமா என்று பார்க்கத்தான். புகை எழுந்து சந்துக்கு மேலே வந்து நின்றதும் உண்மை, கொஞ்ச நேரம் வெயில் மங்கினதும் உண்மை. பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்து நிறுத்தினார். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. புகை எல்லாம் கடைசி வீட்டு அப்பளக்கார அக்கா வாசலில் காயப்போட்டிருந்த வத்தல் மேல் போய் இறங்கியது. அந்த அக்கா அப்பளமும் வத்தலும் போட்டுப் பெரிய வீடுகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தார். தட்டு நிறையக் கரி படிந்த வத்தலை எடுத்துக்கொண்டு நேரே வந்தார்.

"இந்தாய்யா, ஒன் ஆகாசப் பந்தல்ல காஞ்ச வத்தல். தின்னு பாத்துச் சொல்லு."

அண்ணன் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். "உப்பு ஒரு கல்லு கூட அக்கா" என்றார்.

அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த கோபத்தில் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டினார். "ஒனக்கு நெழலு வேணும்னா எனக்கு வெயிலு வேணும்யா. ஒன் மகளுக்கு உசுருன்னா என் மக்களுக்குச் சோறு. ஆகாசத்த மூடுறவன் என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலதான்" என்றார் அண்ணன். ரொம்ப நாள் கழித்து என்னிடம், "வெயிலு எல்லாத்துக்கும் பொதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. ஆளுக்கு ஒரு வெயிலா இருக்கு" என்றார்.

மதினியின் தம்பி தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். மேல்மலை. எப்போதும் குளிர். பிள்ளைக்கு ஒன்பது வயது நடக்கும்போது அவர் வந்து, "அக்காவையும் புள்ளையையும் என்கூட அனுப்புங்க மாமா. அங்குட்டு இருந்தா இவளுக்கு ஒன்னும் செய்யாது" என்று கேட்டார். அண்ணனுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் நெழலு போடுறவன், எம்மகளுக்குப் போடத் தெரியாமத் தூரதேசம் அனுப்பிச்சுட்டான்னு சொல்லவா? இங்கனயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்." மதினி துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிள்ளை அப்பாவைப் பார்த்தது, மாமனைப் பார்த்தது. அவளுக்கு அப்பாவை விட்டுப் போக மனசில்லை என்பது பார்க்கிற யாருக்கும் தெரியும்.

அந்த வருடம் மாசியிலேயே வெயில் பிடித்துவிட்டது. கிணறெல்லாம் அடியில் தெரிந்தது. அண்ணன் வீடு வீடாக வந்தார். சந்து முழுக்க, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும், வீட்டுக் கூரைக்கு மேலே உயர்த்தி ஒரே பந்தல் போடப் போகிறேன், ஆவணி வரைக்கும் நிற்கும், செலவு என்னுடையது, சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். இந்தத் தடவை முதலில் போனது அப்பளக்கார அக்கா வீட்டுக்கு.

"எனக்கு வெயிலு?"

"ஒங்க வாசலுக்கு மேல ஒரு சதுரம் தெறந்து விட்டுர்றேன் அக்கா."

"சூரியன் ஒரே எடத்துலயா நிக்குது?"

"சதுரத்த அப்பப்ப மாத்தி விடுறேன்."

அந்த அக்கா யோசித்தார். "புள்ளைக்காகச் சரிங்குறேன். ஒன் மூஞ்சிக்காக இல்ல" என்றார்.

பந்தல் மட்டமாக உட்கார வேப்பமரம் இடித்தது. நான் வந்து இறங்கிய அன்று நிழல் கொடுத்த அதே மரம், சந்தின் நடுவில் நின்றது. நீளக் கொப்புகளை எல்லாம் வெட்டி மொட்டையாக்கினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தல் வருகிறபோது மரம் எதற்கு? கீற்று பற்றாமல் போகவே, தன் வீட்டு ஓட்டுக்கு மேல் பிள்ளைக்காகக் கனமாக வேய்ந்திருந்த கீற்றையும் பிரித்துச் சந்துப் பந்தலில் சேர்த்துவிட்டார். அதற்கு மேலேயும் பந்தல்தானே நிற்கப் போகிறது.

அந்தப் பங்குனியை நான் மறக்க மாட்டேன். சந்து முழுக்கக் கண்மாய்க் கரை ஆலமரத்தடி மாதிரி இருந்தது. சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சாயந்தரம் வரைக்கும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்டுகள் எல்லாம் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். அப்பளக்கார அக்கா மட்டும் சதுர வெயிலைத் துரத்திக்கொண்டு பாயை இழுத்துக்கொண்டே போவார். "பாத்தியளா, ஒரு தட்டு வெயிலுக்குப் பின்னாடி பொதிக்கழுதையா அலையுறேன். நாளைக்கு இவரு பந்தலுக்கு மேல ஏறித்தான் வத்தல் காயப்போடணும்" என்று வைதுகொண்டே அந்தப் பிள்ளைக்கு ஒரு அப்பளம் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

அவள் வெளியே விளையாடினாள். உச்சி நேரத்தில், மற்றப் பிள்ளைகளோடு, தட்டாங்கல் ஆடினாள். அதுவரைக்கும் அவள் குரல் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த மாதம் முழுக்க அவள் குரல்தான் சந்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய குரல். அண்ணன் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் போக மாட்டார், கோடியிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மச்சினனுக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டார், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று.

சித்திரை பிறந்து, கத்தரி வெயில் ஆரம்பித்திருந்தது. ஒரு சாயந்தரம் தெற்கே கருத்தது. மழை வரப்போகிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். மழை வரவில்லை, காற்று வந்தது. புழுதியை வாரிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது, பந்தலுக்கு அடியில் புகுந்து அப்படியே மேலே தூக்கியது. நீளப் பந்தல், ஒரே பந்தல், ஒரு இடத்தில் விட்டதும் மொத்தமும் விட்டது. அண்ணன் ஒரு பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கால் அவர் கையில் நின்றது, மேலே ஒன்றும் இல்லை. கீற்றெல்லாம் மானகிரி வயலில் போய்க் கிடந்தது, முறிந்து, கிழிந்து, ஒன்றுக்கும் ஆகாமல். நாலு பெரிய சொட்டு விழுந்தது. அவ்வளவுதான் மழை.

மறுநாள் விடிந்ததும் வெயில், முன்பு இருந்ததைவிட ஏறி வந்த மாதிரி இருந்தது. அது அதே வெயில்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. வேப்பமரம் மொட்டையாக நின்றது. அண்ணன் வீட்டு ஓடு திறந்து கிடந்தது, பத்து மணிக்கே உள்ளே அனல்.

சித்திரை முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருந்ததால் ஊரில் ஒரு கீற்று கிடையாது. அவருடையதே எல்லாம் கல்யாண வீடுகளில் நின்றது. புதுக் கீற்று தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வர வேண்டும், வாரமாகும் என்றார்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், தான் போட்ட பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"நாலு கீத்து உருவிக் கொண்டாந்தா என்னண்ணே, கேட்டாக் குடுக்க மாட்டாகளா?" என்றேன்.

"மணவறையில ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கு தங்கச்சி. அது மேல வெயிலு விழுந்துச்சு, நான் கட்டிக் குடுத்துட்டு வந்தேன். அத எப்படி நானே அவுக்குறது?"

மத்தியானம் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. நாங்கள் சந்துப் பெண்டுகள் எல்லாரும் சேலை, வேட்டி, கிடைத்ததை எல்லாம் நனைத்துக் கொடுத்தோம். கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. சேறும் தண்ணீருமாக இறைத்து ஊற்றினோம். துணி போட்ட கையோடு காய்ந்தது. அப்பளக்கார அக்கா தன் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பிள்ளை தலையில் ஊற்றிவிட்டு, வெறும் பானையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். அண்ணன் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். வாசலில், வெட்டிப் போட்ட வேப்பங்கொப்புகளைத் தூக்கித் தூக்கி மரத்தோடு சாத்திக்கொண்டிருந்தார். அவை காய்ந்து விறகாகி எவ்வளவோ நாளாகியிருந்தது.

பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போன கார் யாருடையது, ஆஸ்பத்திரியில் ஐஸ் வாங்கி வைத்தது யார் என்பதெல்லாம் எனக்குக் குழம்பிப் போய்விட்டது. பிழைத்தாள் என்பது அம்மன் செய்தது. ஆனால் ஒரு கை அதற்குப் பிறகு அவ்வளவாக வரவில்லை. வைகாசி பிறக்கும் முன்னால் மச்சினன் வந்தார், மதினியும் அவளும் மேல்மலைக்குப் போனார்கள். பஸ் ஏறும்போது பிள்ளை அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணன் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

கூடவே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்குட்டு ஆளுக வெயிலு எப்ப வரும்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காக தங்கச்சி. மழை, பனி, மூடாப்பு. துணி காய மாட்டேங்குது. அங்குட்டுப் போயி நெழலு வேணுமான்னா அடிக்க வருவாக. வேற வேலை எனக்குத் தெரியாது. இங்கன இருந்தாத்தான் அதுகளுக்கு ஏதாச்சும் அனுப்பலாம்." அப்படித்தான் பல வருடம் தனியாக இருந்தார். பந்தல் போட்டுக்கொண்டு இருந்தார். டீக்கடையில் ஆகாசப்பந்தல் என்று கூப்பிட்டால் வழக்கம்போலத் திரும்பிப் பார்ப்பார், ஆனால் அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை.

எழுபத்து மூன்றில் என்று நினைக்கிறேன், பொங்கல் கழிந்து மகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்.

"வீட்டுல இல்ல தங்கச்சி. தோட்டத்துல இருக்கான்னாக. போயிப் பாத்தா ஒரு பாறை மேல ஒக்காந்திருக்கா, மூஞ்சிய மேல தூக்கிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு. அன்னைக்குத்தான் மூடாப்பு வெலகி வெயிலு வந்துருக்கு. ஓடுனேன். துண்ட உருவி அவ தலைக்கு மேல விரிச்சுப் பிடிச்சேன். கண்ணத் தெறந்தா. 'அய்யா'ன்னா. அம்புட்டு நாளைக்குப் பெறகு பாக்குறா. 'அய்யா, தள்ளிக்கங்க. வெயில மறைக்காதீக. குளுருது'ன்னா."

சொல்லிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். எதையாவது கேட்க வேண்டுமே என்று, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"ஆகாசத்துக்குப் போடணும்னு சொல்லுவீகளேண்ணே, அது ஆகுமா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "பந்தல்னா பிரியுறதுதான். பிரியாத பந்தல நான் போட்டதுமில்ல, பாத்ததுமில்ல. மேல ஒன்னப் போட்டுட்டு, அதை நம்பி எல்லாரும் கொப்ப வெட்டிட்டுக் கீழ ஒக்காந்திருக்கைல, காத்து வந்துருச்சுன்னா? எம்மக மாதிரி, எனக்கு வெயிலு வேணும்னு அங்குட்டு ஒருத்தி ஒக்காந்திருந்தான்னா?"

"அப்ப வேணாம்ங்குறீகளா?"

"அவ இங்கன கெடந்தப்ப எவனாச்சும் வந்து போடவான்னு கேட்டிருந்தா, போடுய்யான்னு அவன் காலப் பிடிச்சிருப்பேன்" என்றார். "இன்னைக்குக் கேட்டாலும் வேணாம்னு சொல்ல வாய் வராது. போடுன்னும் வராது."

பிறகு எழுந்து போனார். அதற்குச் சில வருடம் கழித்து, தொழிலில் இருக்கும்போதே காலமானார். அதை நான் எழுதப் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். அவரைக் கிறுக்கர் என்றும் சொல்ல வேண்டாம், முன்கூட்டி அறிந்த மகான் என்றும் சொல்ல வேண்டாம். காற்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டதை மட்டும் சொல்லிவிட்டு, காலைப் பிடித்திருப்பேன் என்றதை விட்டுவிடாதீர்கள். காலைப் பிடித்திருப்பேன் என்றதைச் சொல்லிவிட்டு, பாறை மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையை விட்டுவிடாதீர்கள். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி மட்டும் யாரும் மாற்றிச் சொல்லிவிட வேண்டாம்.